தேக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன்

என்னோட மொத ஸ்டூலு இப்ப கொல்லையில கோழிக்கூட்டு மேல மல்லாக்க கெடக்கு. காத்துக்கு தகரம் பறக்காம இருக்க பாரம். அந்த வேலைய மட்டும் ஒழுங்கா செய்யுது, ஏன்னா நல்ல கனம். கடையில தூக்கிப் பாத்து, அடேயப்பா என்ன கனம், இதான் மரம்னு நெனச்சுத்தான் வாங்குனேன். அந்தக் கனத்துல பாதி தண்ணின்னு அப்பத் தெரியாது.

நான் டைலர். ராமநாதபுரம் ஜில்லா தேவிபட்டினத்துக்குப் பக்கத்துல வீடு, கடல் நடந்து போற தூரம்தான், வாசல் கேட்டு ரெண்டு வருசத்துல பொரிப்பொரியா துரு ஏறி கொட்டிரும். பதினஞ்சு வருசமா ப்ளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம்னு தைச்சிட்டிருக்கேன். மரவேலைக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் கெடையாது. அப்பத்தாவுக்கு முட்டி வலி வந்ததுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. அது இன்னைக்கும் கொல்லையில அருவாமனைய போட்டு ஒக்காந்துதான் மீன் ஆயும், நகரையோ சூடையோ காரலோ எது வந்தாலும், நாங்க யாரு ஆஞ்சாலும் அதுக்குப் புடிக்காது. ஆனா தரையில ஒக்காந்தா எந்திரிக்க முடியல. பிளாஸ்டிக் ஸ்டூலு வாங்கிக் குடுத்தோம், அது மண்ணுல ஒரு பக்கமா அமுந்து ஒரு நாளு அப்பத்தாவையும் மீன் சட்டியையும் சேத்து சாச்சிருச்சு. முக்கா அடி ஒசரத்துல பலகையில ஒண்ணு செஞ்சு குடுத்துரலாம், யூடியூப்ல பாத்தா ரொம்ப ஈசியா இருக்கேன்னு எறங்கிட்டேன்.

மரம் வாங்கப் போனா எல்லாரும் கேக்கற மொதக் கேள்வி "எந்த மரம்ணே நல்ல மரம்", நானும் அதத்தான் கேட்டேன். தேக்குன்னாங்க. சரி தேக்கே குடுங்கன்னேன். எந்தக் கடைன்னு சொல்லல, அந்தக் கடைக்காரரு மேல மட்டும் தப்பும் இல்ல, கணக்கு தெரியாம போனது நானு. பலகைக்கும் சட்டத்துக்கும் கணக்கு இதான்: நீளத்த அடியில எடுத்துக்கங்க, அகலத்தையும் கனத்தையும் இஞ்சுல எடுத்துக்கங்க, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. என் ஸ்டூலுக்கு மேல் பலகை 12க்கு 12, ஒன்னரை இஞ்சு கனம், அது 0.125. கால் நாலு, 2க்கு 2ல 8 இஞ்சு நீளம், அது ஒரு 0.074. குறுக்குச் சட்டம் நாலு, அது ஒரு 0.046. மொத்தமே கால் கன அடிதான் வருது, அறுத்த கழிவு, நான் தப்பா வெட்டுன கழிவு எல்லாம் சேத்தாலும் அரை கன அடி தாண்டாது. நான் ஒரு கன அடி வாங்கிட்டு வந்தேன். ப்ளவுஸ் பிட்டு எண்பது சென்டி போதும்கற எடத்துல மூணு மீட்டர் எடுத்த மாதிரி.

செஞ்சேன். பெவிகால் போட்டு ரெண்டு பலகைய ஒட்டி மேல் பலகை, நாலு கால், இரும்பு ஆணி. போட்டோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்புல போட்டு நாப்பது கைதட்டல் வாங்குனேன். பங்குனி சித்திரை வெயில் வந்துச்சு, ரெண்டு பலகைக்கு நடுவுல ஒட்டுன எடம் விட்டு அஞ்சு ரூவா காசு போற அளவுக்கு சந்து, பலகை கிண்ணி மாதிரி குழிஞ்சு, ஒரு கால் ஆட்டம். மீன் தண்ணி பட்டு ஆணியச் சுத்தி கன்னங்கரேர்னு மை கொட்டுன மாதிரி கறை. அப்பத்தா ஒண்ணும் சொல்லல, மறுபடி தரையில ஒக்காந்துக்கிச்சு, அதான் எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு.

எங்க தெருக்கடைசில ஒரு ஓடாவி இருக்காரு. ஓடாவின்னா படகு கட்டற ஆசாரி, உள்நாட்டுக்காரங்களுக்காக சொல்றேன். வத்தைங்கற மரப்படகு கட்டுனவரு, இப்ப எல்லாம் பைபர் படகு ஆயிட்டதால அவருக்கு வேலை கம்மி. மாமான்னு கூப்புடுவேன். ஸ்டூல தூக்கிட்டுப் போய் காட்டுனேன்.

"இது என்ன மரம் மருமகளே?"

"தேக்கு மாமா."

"தேக்கு எங்க இருக்கு, காட்டு."

நான் பலகையக் காட்டுனேன். அவரு நகத்தால ஒரு கோடு கிழிச்சாரு. "இந்தா, இந்த வெளுப்பா இருக்கறதெல்லாம் வெள்ளை. நடுவுல மூணு வெரக்கடை பழுப்பா ஓடுது பாரு, இதான் வைரம், இதான் தேக்கு. மத்ததெல்லாம் தேக்கு மரத்துல இருந்த மரம்."

தேக்கு உளுக்காது, கரையான் தொடாதுன்னு நாம கேள்விப்படறது எல்லாமே வைரத்துக்குத்தான். வெள்ளையில அந்த எண்ணெய்ச் சத்து கெடையாது, பூச்சிக்கு அது சோறு மாதிரி. சின்ன வயசுலயே வெட்டுன மரத்துல வைரம் வெரல் அளவுதான் இருக்கும், பேரு மட்டும் தேக்கு, வெலையும் தேக்கு.

அடுத்து அவரு கேட்டதுதான் எனக்கு ஒறச்சுது. "காஞ்ச மரமான்னு பாத்தியா?" பாக்கல. நான் லைனிங் துணிய ஒரு நாளு தண்ணில போட்டு சுருக்கம் எடுத்து காயவச்சுத்தான் வெட்டுவேன், நனைக்காம தைச்சா ஒரு தொவையலுக்கே உள்துணி சுருங்கி மேல்துணி பொம்மிக்கிட்டு நிக்கும், இது கத்துக்குட்டிக்கும் தெரிஞ்ச விசயம். மரமும் அதேதான், பச்சையா இருக்கறப்ப வெட்டி ஒட்டிட்டா ஒட்டுனதுக்கு அப்பறம் சுருங்கும். அதுலயும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்குல சுருக்கமே இல்லன்னு சொல்லலாம், வட்ட ரேகை சுத்திப் போற வாக்குல சுருங்கறது, நடுவுல இருந்து பட்டைக்குப் போற வாக்குல சுருங்கறத விட ஏறக்கொறைய ரெண்டு மடங்கு. அதனாலதான் பலகை கிண்ணியாச்சு. நேர் இழை, குறுக்கு இழை, கிராஸ் கட்டிங்னு தெனமும் துணியில பாக்கறவ, மரத்துலயும் இழை இருக்கு, அதத்தான் ரேகைங்கறாங்கன்னு யோசிக்கவே இல்ல பாருங்க.

காஞ்சுதா இல்லையான்னு பாக்க மீட்டர் விக்கிறாங்க, நான் வாங்கல. மாமா கன்னத்துல வச்சுப் பாப்பாரு, ஈரமா இருந்தா சில்லுன்னு இருக்குமாம், எனக்கு எல்லாக் கட்டையும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. எனக்கு ஒத்து வந்தது தராசு. அடுப்படியில இருக்குற சின்ன டிஜிட்டல் தராசுல கட்டைய வச்சு எடை பாத்து, கட்டை மேலயே பென்சில்ல தேதியும் கிராமும் எழுதி வச்சிருங்க, வாரா வாரம் அதே கெழமையில மறுபடி பாருங்க. எடை எறங்கிக்கிட்டே வந்தா இன்னும் தண்ணி போகுதுன்னு அர்த்தம். மூணு நாலு வாரம் ஒரே எடத்துல நின்னா நம்ம ஊரு காத்துக்கு அது எவ்வளவு காயுமோ அவ்வளவு காஞ்சிருச்சு. என்கிட்ட இருந்த ஒரு வேப்பங்கட்டை 640 கிராம்ல ஆரம்பிச்சு 520ல வந்து நின்னுச்சு. யோசிச்சுப் பாருங்க, நூத்தி இருவது கிராம் தண்ணிய நான் மரம்னு நெனச்சு காசு குடுத்து வாங்கியிருப்பேன்.

ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருசம் காயணும்னு பொதுவா சொல்வாங்க, நம்ம வெயிலுக்கு அவ்வளவு நாள் வேண்டாம், ஆனா அவசரப்பட்டு வெயில்ல போட்டா காரியம் கெட்டுப்போகும். கச்சான் காத்து, அதான் மேக்க இருந்து வர்ற காத்து, அடிக்கிற மாசத்துல வெட்டவெளில வச்சீங்கன்னா மேல்பக்கம் மட்டும் படக்குன்னு காஞ்சு முனையெல்லாம் வெடிச்சிரும். நெழல்ல, தரையில இருந்து தூக்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரே கனத்துல குச்சி வச்சு அடுக்கணும், ரெண்டு முனையிலயும் பழைய பெயிண்ட்ட அடிச்சு விடணும், ஏன்னா தண்ணி முனை வழியாத்தான் வேகமா போகும். அதே மாதிரி ஐப்பசி கார்த்திகை மழையில காஞ்ச மரமும் கொஞ்சம் ஊதும், நம்ம வீட்டுக் கதவெல்லாம் அப்ப இறுகிக்கறது அதனாலதான்.

சரி, எந்த மரம்னு இப்பவாச்சும் கேக்கலாமான்னு மாமாகிட்ட கேட்டேன். "எங்க வைக்கப் போற, என்ன படும், உன்கிட்ட என்ன ஆயுதம் இருக்கு, அத மொதல்ல சொல்லு"ன்னாரு. கொல்லையில, உப்புத்தண்ணி, மீன் தண்ணி, ஒரு கைவாளு, ஒரு உளி, தம்பியோட டிரில்லு.

அப்படிப் பாத்தா பாதி மரம் தானாவே கழிஞ்சிருச்சு. ஹார்டுவேர் கடைகள்ல துண்டு துண்டா பல்லு வச்சு ஒட்டுன ரப்பர் மரப் பலகை கெடைக்குது, பாக்க வெண்ணெய் மாதிரி, அறுக்க சுகம், வீட்டுக்குள்ள புக்கு ஷெல்புக்கு தாராளமா போடலாம், ஆனா நனைஞ்சா கருப்பா பூசணம் புடிக்கும். பூச்சிக்கு மருந்து ஏத்திதான் விக்கிறாங்க, அந்த மருந்தும் தண்ணில நிக்காது. மாம்பலகை சல்லிசு, சென்ட்ரிங் அடிக்கறதுக்குப் போடறது, வெட்டிப் பழக நல்லது, ஆனா கொஞ்ச நாள்ல கீழ மாவு மாவா கொட்டும், உளுத்துரும். தைல மரம் காயக் காய முறுக்கும், புதுசா கத்துக்கறவங்க கிட்டயே போக வேண்டாம். பிளைவுட்ல போகணும்னா ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் பிளை பாத்து வாங்கணும், லேசான ஈரம் மட்டும் தாங்கற வெறும் எம்ஆர் பிளை வாங்கிட்டு வந்து கொல்லையில வச்சா அடுத்த மழைக்கு ஏடு ஏடா விட்டுக்கிட்டு வரும்.

வாகை நல்ல மரம்தான், பழுப்பும் கருப்பும் வரிவரியா பாக்க ராஜ மரம். ஆனா அந்தத் தூள் மூக்குல ஏறுச்சுன்னா அவ்வளவுதான், நான் உப்புத்தாள் போட்டு அரை மணி நேரம் தேச்சுட்டு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் தும்மிக்கிட்டே இருந்தேன், அம்மா ஆவி புடிக்கச் சொல்லி ஒரே சத்தம். மாஸ்க் போடாம வாகையத் தொடாதீங்க.

பனையப் பத்தி நெறைய பேரு கேப்பீங்க, ராமநாதபுரத்துக்காரி பனைய விட்டுட்டாளேன்னு. பனஞ்சட்டம் மாதிரி ஒறுதி எதுவும் இல்ல, எங்க பழைய ஓட்டு வீட்டுல கை மரம் எல்லாம் பனைதான், இன்னைக்கும் ஆணி எறங்காது. ஆனா வெளிப்பக்கம் அந்த கருப்பு நார்தான் வைரம், உள்ள சோறுதான். அந்த நாரு ஊசி ஊசியா விரல்ல ஏறும், வாளு மொன்னையாயிரும். போதாததுக்கு பனைய வெட்டணும்னா இப்ப கலெக்டர் அனுமதி வேணும், பழைய வீடு பிரிக்கறப்ப கெடைக்கறதுதான் சரி.

பழைய மரம்னதும் ஞாபகம் வருது, கீழக்கரையிலயும் காரைக்குடிப் பக்கமும் பழைய வீடு பிரிச்ச பர்மாத் தேக்கு கெடைக்கும், பல வருசம் காஞ்ச மரம், இனிமே அதுல சுருங்க ஒண்ணும் இல்ல, தொடங்கறவங்களுக்கு துண்டு துக்காணியா கெடைச்சா அத விட வேற வேண்டாம். ஒரே தொல்லை, உள்ள பழைய ஆணி ஒடிஞ்சு நிக்கும், தெரியாம இழைப்புளிய ஓட்டுனா அலகு பல்லு விட்டுரும். ஓட்டை ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தக் கழட்டி நூல்ல கட்டி மரத்து மேல மெதுவா நகத்துங்க, எங்க இழுக்குதோ அங்க ஆணி. இன்னொரு மலிவு வழி, துறைமுகத்துல இருந்து வர்ற பைன் மரப் பெட்டி, பேலட்டு, பழைய சாமான் கடையில கெடைக்கும், மெத்துனு இருக்கும், வெட்டிப் பழகறதுக்குன்னே செஞ்ச மாதிரி. அதுல கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும், பக்கத்துல ஹெச்டின்னு (HT) இருந்தா சூடுபடுத்துனது, எடுத்துக்கலாம், எம்பின்னு (MB) இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. கடல்ல ஒதுங்கி வர்ற கட்டையும் வேண்டாம், பாக்க அழகா இருக்கும், உள்ள ஊறுன உப்பு மழைக்காலம் பூரா ஈரத்த இழுத்துக்கிட்டே கெடக்கும்.

வேம்பா பூவரசான்னு வந்து நின்னுச்சு. வேம்பு எங்க தெருவுலயே கெடைக்கும், கசப்புக்கு பூச்சி அண்டாது, ஆனா அதோட ரேகை ஒரு அடுக்கு இந்தப் பக்கம் சாஞ்சா அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் சாயும், இழைப்புளி எந்தப் பக்கம் ஓட்டுனாலும் எங்கயாச்சும் பிச்சுக்கிட்டு வரும். பூவரசு அப்படி இல்ல, உளி சொன்ன பேச்சு கேக்கும். உப்புக் காத்துலயே வளர்ற மரம். நாம எல்லாம் அந்த எலையச் சுருட்டி பீப்பி ஊதிருக்கோம், கொழுக்கட்டை அவிச்சிருக்கோம், உள்ள இப்படி சாக்லேட் நெறத்துல வைரம் இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீளமா நேரா கெடைக்காது, அதனால கட்டில் சட்டத்துக்குக் கஷ்டம். முக்கா அடி ஸ்டூலுக்கு எதுக்கு நீளம்.

மாமா வீட்டுப் பின்னாடி ஓலைக் கொட்டாயில வளைஞ்ச வளைஞ்ச பூவரசங்கட்டை அடுக்கி இருந்துச்சு. வத்தைக்கு வங்கு போடறதுக்கு வெட்டி வச்சது. வங்குன்னா படகோட விலா எலும்பு. அதுக்கு வளைஞ்ச கெளைதான் வேணும், நேர் பலகைய வளைவா அறுத்தா ரேகை நடுவுல அறுந்து போகும், அலை அடிக்கறப்ப அந்த எடத்துல முறியும்னாரு. அதே விசயம்தான் ஸ்டூல் காலுக்கும், மேல ஆரம்பிக்கிற ரேகை கீழ வரைக்கும் போய் முடியணும், நடுவுல பக்கவாட்டுல வெளிய ஓடிருச்சுன்னா என்ன சாதி மரமா இருந்தாலும் அந்த எடத்துல ஒடியும். ஆர்டர் குடுத்தவரு பைபருக்கு மாறிட்டாரு, கட்டை மூணு வருசமா அங்கயே கெடக்கு. "படகாத்தான் போகல, அப்பத்தாளுக்காச்சும் போகட்டும்"னு ஒரு அகலக் கட்டைய எடுத்துக் குடுத்தாரு.

காலுக்கு அவரு சொன்னது சீமக்கருவ. நான் சிரிச்சுட்டேன். நம்ம ஜில்லா பூரா எதுக்கும் ஆகாதுன்னு வையறது, மூட்டம் போட்டு கரியாக்கறது, 2017ல ஐகோர்ட்டு மதுரைக் கிளையே வெட்டித் தள்ளச் சொன்ன மரம். அப்பறம் தேடிப் பாத்தா இதோட பங்காளி மரத்துக்கு டெக்சாஸ்ல மெஸ்கீட்னு பேரு, அங்க மேசை, தரைன்னு எல்லாத்துக்கும் போடறாங்க, காரணம் காஞ்சா ரொம்ப சுருங்காது, சுருங்கறதும் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம்ம ஊர்ல பெருத்த கட்டை கெடைக்கறதுதான் கஷ்டம், தூரோட எடுத்தாத்தான் உண்டு. வெளிய மஞ்சளா இருக்குற வெள்ளைய சுத்தமா செதுக்கி எறிஞ்சிரணும், பூச்சி அங்கதான் ஆரம்பிக்கும். உள்ள செவப்பு, இரும்பு மாதிரி கெட்டி, வாளு பாட்டுக்கு பத்து தடவ இழுத்தா ஒரு நூல் எறங்கும். விறகுக்கடையில எடை போட்டு வாங்குனேன் அந்தக் கால்கள!

காலு நாலு வேண்டாம், மூணு போதும்னாரு. மண்ணுல மூணு கால் எங்க வச்சாலும் நிக்கும், நாலு வச்சா ஒண்ணு அந்தரத்துல இருக்கும். ஆனா காலு வெளிப்பக்கமா நல்லா சாஞ்சு விரிஞ்சிருக்கணும், இல்லாட்டி ஓரத்துல ஒக்காந்தா கவுந்துரும். ஆணியும் இல்ல, ஸ்க்ரூவும் இல்ல. பலகையில மூணு ஓட்டை, காலு முனையச் சீவி அதுல ஏத்தி, மேல எட்டிப் பாக்குற முனையில வாளால கீறி ஆப்பு. இந்தக் காலுகள மட்டும் ரெண்டு வாரம் அடுப்புக்கு மேல பரண்ல போட்டு எலும்பா காய வச்சோம். காலு பலகைய விட அதிகமா காஞ்சிருந்தா, ஓட்டைக்குள்ள போனதும் ஈரத்த வாங்கி ஊதி தானா இறுகிக்கும். ஆப்பு வைக்கறப்ப நான் பலகையோட ரேகைக்கு நேரா வச்சு சுத்தியல ஓங்கிட்டேன், மாமா கையப் புடிச்சுட்டாரு. "குறுக்க வை. ரேகையோட அடிச்சா பலகை பொளந்துரும், விறகு பொளக்கறது அப்படித்தானே." குறுக்க வச்சேன். டக்கு டக்குன்னு இருந்த சத்தம் நாலாவது அடியில டொப்புனு மாறுச்சு, அதோட நிறுத்திரணும்னாரு.

ஸ்க்ரூ போட்டுத்தான் ஆகணும்னா கடலோரத்துல 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு கேளுங்க, 304 கூட கொஞ்ச நாள்ல டீக்கறை புடிக்கும். பித்தளையும் நல்லது, ஆனா கெட்டி மரத்துல நேரா முறுக்குனா தலை கையோட வந்துரும், மொதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ ஏத்தி எறக்கிட்டு, பித்தளையில மெழுகு தடவி ஏத்துங்க. மேல பூச அரக்கு பாலிஷ் வேண்டாம், தண்ணி நின்னா வெள்ளையா பூத்துரும். நான் லின்சீடு ஆயில் மூணு தடவ தேச்சேன். தேச்ச துணிய சுருட்டி மூலையில போட்டுறாதீங்க, அது தானா சூடேறி தீப்புடிக்கும், கொடியில விரிச்சு காயவச்சு அப்பறம் தூரப் போடுங்க.

கூலி வேண்டாம்னுட்டாரு, அத்தைக்கு ரெண்டு ப்ளவுஸ் தைச்சுக் குடுத்தேன், லைனிங் நனைச்சுத்தான். ஸ்டூலு ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் பாத்திருச்சு, ஆட்டம் இல்ல, பலகையில ஒரு மயிர்க்கோடு வெடிப்பு இருக்கு, அது வளரல. அப்பத்தா மீன் ஆஞ்சு முடிச்சதும் அதுக்கும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி கழுவி சாச்சு வைக்கும்.

இப்ப அதே கொட்டாயில இருந்து இன்னும் ஒரு பூவரசு வாங்கிட்டு வந்திருக்கேன், மிசினுக்கு முன்னாடி போட ஒரு பெஞ்சுக்கு. மூணு வருசம் கெடந்ததுதானேன்னு நெனச்சேன், ஆனா இது அடி அடுக்குல மண்ணோட கெடந்தது, நம்பல, தராசுல வச்சுட்டேன். ஒரு துண்டு வெட்டிப் பாத்ததுல போன வெள்ளிக்கிழமை 911 கிராம், இந்த வெள்ளி 902.